காத்து பின்னாடிதான் வருது மச்சி!

இந்த வாரம் ஒரு குட்டி குவிஸ். மேலே கூரை இல்லாத ஜீப்புல போறீங்க. ஸ்பீடு 60. தலைமுடி கன்னாபின்னான்னு பறக்குது, கழுத்துல சளார் சளார்னு அடி விழுது. கேள்வி இதுதான். காத்து எந்தப் பக்கம் இருந்து வந்து உங்களை அடிக்குது?

"இதெல்லாம் ஒரு கேள்வியா? முன்னாடி இருந்துதான்!" என்று சொன்னவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து ஆளுக்கொரு பல்பு வாங்கிக்கொள்ளவும். வருத்தப்படாதீங்க, வரிசையில் முதல் ஆள் நான்தான். எனக்குப் பின்னாடி ஒரு ஃபைனல் இயர் மெக்கானிக்கல், ஒரு டெக்ஸ்டைல் பொண்ணு, அப்புறம் அந்த ஜீப்போட ஓனர்.

ஓனர் நம்ம ஃப்ரெண்ட். ஊரு ஆனைமலை. ஏலத்துல எடுத்த ஒரு பழைய ஜீப் வெச்சிருக்கான். படுதா எப்பவோ கிழிஞ்சு போச்சு. படுதா மாட்டுற இரும்புக் கம்பி வளைவு மட்டும் சீட்டுக்குப் பின்னாடி மிச்சம். "புதுப் படுதா போடுடா" என்றால், "படுதா போட்டா அப்புறம் அது என்னடா ஜீப்பு?" என்பான். டாப்ஸ்லிப் அடிவாரம், ஆழியாறு, தென்னந்தோப்பு ரோடு... அந்தப் பக்கம் ஓப்பன் ஜீப்புல ஒரு தடவை போயிட்டு வந்தவங்களுக்கு அவன் சொல்றது புரியும்.

ஆனா அவனோட அமுச்சிக்குப் புரியலை!

அமுச்சி இருப்பது உடுமலையில், மாமா வீட்டில். ஆடி அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு வந்தே ஆகணும். போன தடவை பேரன் பெருமையா ஜீப்புல கூட்டிட்டு வந்தான். 40 கிலோமீட்டர். வந்து இறங்கினதும் அமுச்சி முந்தானையைத் தலையில இருந்து எடுக்கவே இல்லை. ரெண்டு நாள் காதுவலி. "இனி அந்தக் கருமாந்திரத்துல நான் ஏறமாட்டேன் சாமி. மாசாணி மேல ஆணை" என்று சொல்லிவிட்டது.

அவன் அப்பா ஒரே வரியில் தீர்ப்பு எழுதினார். "வீட்டுல இருக்குற பெரிய மனுசி ஏற முடியாத வண்டி எதுக்குடா கண்ணு? இந்த ஆடிக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லீன்னா வித்துப்போடலாம்."

படுதாவுக்கு விலை கேட்டால் மயக்கம் வந்தது. ஆக, கையில் இருந்தது மூணு வாரம், நாலு மூளை. அதில் எத்தனை வேலை செய்தது என்பது தனிக் கதை.

காத்துக்குன்னே ஒரு கேட்டு

முதல்ல ஏரியாவைப் பத்திச் சொல்லிடறேன். மேற்குத் தொடர்ச்சி மலை நம்ம பக்கம் ஒரு பெரிய மதில் சுவர். அந்தச் சுவரில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கேட்டு திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி வழி தேடும்போது இந்தச் சந்துக்குள் புகுந்து வேகம் எடுக்கும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை.

அதுவும் ஆடி மாசம் உடுமலையில் இருந்து பொள்ளாச்சிக்கு வரணும் என்றால் மேற்கே பார்த்து ஓட்டணும். அதாவது, காத்துக்கு நேரா மூஞ்சியைக் காட்டிக்கிட்டு. வண்டி 60-ல் போகுது, எதிர்க்காற்று 30-ல் வருது என்றால் உங்கள் மேல் மோதும் காற்று 90 கிலோமீட்டர் வேகம். அமுச்சி மேல தப்பே இல்லை!

பல்பு நம்பர் 1

மெக்கானிக்கல் சொன்னான், "சிம்பிள் மச்சி. சீட்டுக்குப் பின்னாடி இருக்குற கம்பியில ஒரு பெரிய பலகை கட்டுவோம். முன்னாடி கண்ணாடி, பின்னாடி பலகை. நடுவுல நாம பொட்டிக்குள்ள உக்காந்த மாதிரி."

சுவர் விளம்பரத்துக்கு வைக்கிற பிளாஸ்டிக் போர்டு ஒன்று கிடைத்தது. 4 அடிக்கு 2 அடி. சின்னதா வெச்சா மேல இருந்து காத்து இறங்கிடும் என்று முன்கண்ணாடியைவிட ஒரு அடி உயரமாகவே தூக்கிக் கட்டினோம். நாலு மூலையில் நாலு பிளாஸ்டிக் டை. வேலை முடிஞ்சுது, செல்ஃபி எடுத்தாச்சு, ஸ்டேட்டஸும் போட்டாச்சு.

கோமங்கலம் தாண்டி ஒரு நீளமான ரோடு. படார்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் போர்டைக் காணோம்! ரோட்டில் அது குட்டிக்கரணம் போட்டுப் போகிறது. எதிர் லேனில் ஒரு பெரியவர் டி.வி.எஸ். 50-ல் தென்னை நாத்து மூட்டையோடு வருகிறார். போர்டு அவர் முன் சக்கரத்துக்கு நாலடி முன்னால் விழுந்து நின்றது. அவர் ரெண்டு காலையும் தரையில் ஊன்றி, வண்டியைச் சாய்க்காமல் நிறுத்திவிட்டார்.

நாங்கள் ஓடினோம். யாருக்கும் வாயில் எச்சில் இல்லை. நாலடி... அவ்வளவுதான் வித்தியாசம். இதை ஜாலியா எழுதிக்கிட்டிருக்கேன் என்று நினைக்காதீங்க. அன்னிக்கு ராத்திரி நாலு பேரும் தூங்கலை.

அப்புறம் ஹாஸ்டல்ல உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காற்று தள்ளும் பலம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஸ்பீடு ஒன்றரை மடங்கு ஆனால் பலம் ரெண்டேகால் மடங்கு. ஒரு சதுர மீட்டர் பலகையை 60 கிலோமீட்டர் வேகக் காற்று சுமார் 17 கிலோ பாரத்தோடு தள்ளும். அதுவே 90 என்றால் சுமார் 38 கிலோ. எங்கள் போர்டில் பாதி, கண்ணாடிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பாதிக்கு மட்டும் சுமார் 14 கிலோ. அதை நாலு பிளாஸ்டிக் டை பிடித்துக்கொள்ளும் என்று நம்பின நாலு பேருக்கும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் எவன் பாஸ் போட்டானோ தெரியலை!

தகரமா, வலையா?

பெரியவர் கத்துவார் என்று நினைத்தோம். அவர் மூட்டையைச் சரிபண்ணிக்கொண்டே கேட்டார். "ஏனுங் தம்பி, எம்பட மண்டையில விழுந்திருந்தா இந்நேரம் என்ன பண்ணியிருப்பீங்?"

"மன்னிச்சுக்கோங்கய்யா..."

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாமா. நீங்க அட்டையைக் கொண்டாந்து நிறுத்தறீங். சித்த எங்கூட வாங்க."

அவருக்குப் பக்கத்திலேயே தென்னை நாத்துப் பண்ணை. மேற்குப் பக்கம் முழுக்க பச்சை நிழல்வலை கட்டியிருந்தார். "மொதல்ல இங்க தகரந்தான் அடிச்சு வெச்சிருந்தேன். தகரத்தை ஒட்டியிருந்த நாத்து தப்பிச்சுது. கொஞ்சம் தள்ளி இருந்தது பூராவும் ஆடி ஆடிச் சாஞ்சு போச்சு. செவுரு வெச்சா காத்து தாண்டிக் குதிச்சு அந்தப் பக்கம் சுருண்டு விழுகுதுங். வலையில அப்படியில்ல. பாதியை உட்டு பாதியைப் புடிச்சுக்கும். காத்துக்குக் கோவம் வராது."

விவசாயத்தில் காற்றுத்தடுப்பு வேலிக்குச் சொல்கிற பாடமும் இதேதான். சவுக்கு, மலைவேம்பு என்று எதை நட்டாலும் இலைச்சுவர் மாதிரி அடைத்து நடக்கூடாது. பாதிக்குப் பாதி இடைவெளி இருந்தால்தான் அந்தப் பக்கம் நீண்ட தூரத்துக்குக் காற்று தணியும். முழுசா அடைத்தால் சுழல்தான் மிச்சம்.

நூல் சொன்ன நிஜம்

டெக்ஸ்டைல் பொண்ணுக்கு அப்போதான் ஒரு ஐடியா. "காத்து எங்கிருந்து வருதுன்னு நாம இன்னும் பாக்கவே இல்லையேடா?" காலேஜ் லேப்பில் மிஞ்சின கலர் நூலை எடுத்துவந்தாள். ஆறு அங்குலத் துண்டுகளா வெட்டி, சீட் முதுகில், கம்பி வளைவில், டேஷ்போர்டில், பின் கதவில் என்று செலோடேப் போட்டு ஒட்டினோம். காலி ரோட்டில் 40 வேகத்தில் போனோம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் செல்லில் வீடியோ எடுத்தாள்.

வீடியோவைப் பார்த்ததும் எல்லாருக்கும் வாய் பிளந்துவிட்டது. முன்கண்ணாடி உச்சியில் ஒட்டின நூல் பின்னாடி பார்த்துப் பறக்குது. ஓகே. ஆனா சீட் முதுகில் ஒட்டின நூல் முன்னாடி பார்த்துப் பறக்குது! டேஷ்போர்டு நூலோ எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாமல் பேய் ஆடுது.

விஷயம் இதுதான். முன்கண்ணாடியில் மோதின காற்று மேலே ஏறித் தாண்டிக் குதிக்கிறது. கண்ணாடிக்குப் பின்னாடி, அதாவது நாம உட்கார்ந்திருக்கிற இடத்தில், காற்றழுத்தம் குறைகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, வண்டியின் பின்பக்கம் இருந்து காற்று சுருண்டு திரும்பி, சீட்டுக்கு மேலே முன்னாடி ஓடிவருகிறது. நம்ம பிடரியில் விழும் அடி இதுதான். ஜீப்பின் கண்ணாடி தட்டையா நிமிர்ந்து நிற்பதால் சுழல் இன்னும் பெருசு. பெரியவரோட தகரம் மாதிரியேதான். நாங்க முன்னாடி பார்த்துக் கண்ணை மூடிக்கிட்டிருந்தப்ப, திருடன் பின்வாசல் வழியா வந்து போயிக்கிட்டிருந்தான்!

இதைக் கார் கம்பெனிக்காரங்க கண்டுக்கலையா என்கிறீர்களா? கண்டுகொண்டார்கள். 1989-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல். காரில் சீட்டுக்குப் பின்னாடி ஒரு சட்டத்தில் வலையை இழுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். 2004-ல் எஸ்.எல்.கே. மாடலில் சீட்டின் கழுத்துப் பகுதியில் இருந்தே வெதுவெதுப்பான காற்று வருகிற மாதிரி 'ஏர்ஸ்கார்ஃப்' வைத்தார்கள். அதாவது, காற்றால் ஆன மஃப்ளர்! 2010-ல் ஈ கிளாஸ் ஓப்பன் காரில் முன்கண்ணாடி உச்சியில் ஒரு குட்டித் தடுப்பு, பின்னாடி ஒரு வலை என ரெண்டும் சேர்த்து 'ஏர்கேப்' என்றார்கள். கோடிக்கணக்கில் விலை போகிற வண்டி வரிசையில் இருக்கிற சமாச்சாரமும், கோமங்கலம் பக்கத்து நாத்துப் பண்ணையில் இருக்கிற சமாச்சாரமும் ஒண்ணுதான் பாஸ். வலை!

கோயமுத்தூர் ரத்தம்டா!

இதை நாமே செய்யலாமா என்று தயங்கினான் ஓனர். அதற்கு மெக்கானிக்கல் ஒரு லெக்சரே கொடுத்தான். இந்த மண்ணில்தான் ஜி.டி. நாயுடு ரேஸரில் இருந்து மோட்டார் வரைக்கும் பிரிச்சு மேய்ஞ்சார். இங்கேதான் கரிவரதன் 1988-ல் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை சீட்டு ரேஸ் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பேர். நாடு முழுக்க எத்தனையோ பசங்க ரேஸ் பழகினது அதில்தான். அவர் பெயரில்தான் 2003-ல் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. அந்த மாதிரிக் கூரையில்லாத ரேஸ் காரில், டிரைவர் முன்னாடி இருக்கிற சாண் அளவு கண்ணாடிதான் காற்றை ஹெல்மெட்டுக்கு மேலே தூக்கிவிடுகிறது. "அவங்க ரேஸ் காரே பண்ணாங்க. நாம ஒரு வலை கட்ட மாட்டமாடா?" என்றான். லெக்சர் நீளம்தான். ஆனா பாயின்ட்!

நாங்க செஞ்சது இப்படித்தான்

1. சட்டம்: வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற 25 மி.மீ. பி.வி.சி. கண்டுயிட் பைப், நாலு எல்போ, கொஞ்சம் பசை. கம்பி வளைவுக்குள் அடங்குகிற மாதிரி ஒரு செவ்வகம். பைப் முழுக்க ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற ஸ்பாஞ்ச் உறை. உடைந்தால் கூர்முனை யார் மேலயும் குத்தக்கூடாது இல்லையா?

2. வலை: 50 சதவீத நிழல்வலை. நாத்துப் பண்ணைக்கு விற்கிற கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பச்சை வேண்டாம், கறுப்பு எடுங்க. கறுப்பு வலை வழியா ரியர்வியூ மிரரில் பின்னாடி வர்ற வண்டி தெரியும். பச்சை வெயிலில் பளபளத்துக் கண்ணை மறைக்கும்.

3. தையல்: நாலு ஓரமும் மடித்து, பைப் நுழைகிற மாதிரி ஒரு டெய்லரிடம் தைத்து வாங்கினோம். "என்ன தம்பி, கொசுவலையா?" என்றார். விளக்கம் சொல்லாமல் ஆமாம் என்றுவிட்டோம்.

4. உயரம்: இதுதான் முக்கியம். வலையின் மேல் விளிம்பு உட்கார்ந்திருக்கிறவர் காதுக்குக் கொஞ்சம் மேலே வரணும். முன்கண்ணாடி உச்சியைத் தாண்டவே கூடாது. தாண்டினால் எங்க போர்டுக்கு ஆன கதிதான்.

5. அடிப்பாகம்: முதல் தடவை சட்டத்துக்குக் கீழே ஒரு ஜாண் இடைவெளி விட்டிருந்தோம். காத்து அது வழியா நுழைந்து முதுகில் ஐஸ் வைத்தது. அப்புறம் வலையைத் தரை வரைக்கும் பாவாடை மாதிரி தொங்கவிட்டுக் கட்டினதும் நின்றது.

6. கட்டு: பிளாஸ்டிக் டை கூடவே கூடாது. பக்கிள் வைத்த நைலான் பெல்ட் ஆறு இடத்தில். அது போக, ஒருவேளை எல்லாம் விட்டாலும் சட்டம் ரோட்டுக்குப் போகாமல் இருக்க, தனியா ஒரு கயிறு சட்டத்தில் இருந்து வண்டிக்கு. அந்தப் பெரியவர் முகத்தை நினைச்சுக்கிட்டே போட்ட முடிச்சு அது.

மொத்தச் செலவு, நாலு பேர் ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் போகாமல் இருந்தால் மிஞ்சுகிற காசு.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, வலை கட்டினால் பின்சீட்டில் யாரையும் ஏற்றக்கூடாது. சுழல் முழுக்க அவங்க மேல போகும். ரெண்டு, வெல்டிங் பக்கமே போகாதீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அவிழ்த்தால் ரெண்டு நிமிஷத்தில் வெளியே வருகிற மாதிரி மட்டும் கட்டுங்க. சந்தேகம் இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்.

இன்னொரு உண்மையையும் சொல்லிடறேன். வலை கட்டினதும் ஜீப் ஏ.சி. கார் ஆகிடாது. பக்கவாட்டுக் காற்று வரும், இன்ஜின் சத்தம் இருக்கும். 85 டெசிபலுக்கு மேலே உள்ள சத்தத்தை நெடுநேரம் கேட்பது காதுக்கு ஆகாது. அதனால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதும் இந்த டிசைனில் ஒரு பார்ட்தான். வலைக்கப்புறம் 50, 55-ல் போனால் கத்தாமல் பேசலாம். அது போதாதா?

ஆடி அமாவாசை

உடுமலையில் வண்டி ரெடி. அமுச்சி சுத்திச் சுத்திப் பார்த்தது. "இதென்றா, கோழிக்கூண்டு மாதிரி?"

"ஏறிப் பாரு அமுச்சி. காது வலிச்சா சொல்லு, உடனே இறக்கிட்டு பஸ் ஏத்தி உட்டர்றேன்."

"வலிச்சா பஸ்ஸெல்லாம் ஏறமாட்டேன். நேரா மாசாணி கோயலுக்குப் போயி உன் மேல மொளகா அரைப்பேன், பாத்துக்கோ!" மாசாணியம்மன் கோயிலில் நியாயம் கேட்டு மிளகாய் அரைக்கிற வழக்கம் தெரியும்தானே? பையனுக்கு வேர்த்துவிட்டது.

நாங்கள் பைக்கில் பின்னாடி போனோம். நான் பார்த்துக்கொண்டே வந்தேன். கோமங்கலம் வரைக்கும் அமுச்சி முந்தானையைத் தலையில் இழுத்துப் பிடித்தபடி விறைப்பா உட்கார்ந்திருந்தது. அதுக்கப்புறம் கை தளர்ந்தது. பொள்ளாச்சி வந்தப்போ முந்தானை தோளில் கிடந்தது. ஆனைமலை நெருங்கும்போது கையை ஆட்டி ஆட்டி என்னமோ பேசிக்கொண்டிருந்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினான்.

கோயில் வாசலில் இறங்கினதும், "எப்படி அமுச்சி?" என்று கேட்டோம்.

"காத்தெல்லாம் ஒண்ணும் தெரியலை கண்ணு. நெம்ப மொள்ள ஓட்டறான், அதான் கொறை" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டது.

அவன் மட்டும் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தான். "என்னடா?" என்றேன்.

"அப்பிச்சி கிணறு வெட்டின கதை சொல்லுச்சுடா. ரெண்டு வருசம் வெட்டியும் தண்ணி வரலையாம். அமுச்சிதான் தாலிக்கொடியை அடகு வெச்சு இன்னும் பத்தடி வெட்டச் சொல்லுச்சாம். நாங்க இன்னிக்கு வரைக்கும் தென்னைக்கு எறைக்கிறது அந்தத் தண்ணிதான். எங்கம்மாவுக்கே இது தெரியுமான்னு தெரியலை." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான், "போன தடவையும் அமுச்சி என்னமோ பேசிக்கிட்டேதான்டா வந்துச்சு. காத்துல எனக்கு ஒண்ணும் காதுல விழலை."

ஜீப்பை விக்கலை. அப்பாவும் அதைப் பத்திப் பேச்செடுக்கலை. ஆனா போன வாரம் பொள்ளாச்சி சந்தைக்குப் போறதுக்குச் சாவியைக் கேட்டாராம். பக்கத்து சீட்டில் அம்மா!

கோமங்கலம் பெரியவரிடம் போய் ஜீப்பைக் காட்டினோம். கயிற்று முடிச்சை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "இது சரிங்" என்றார். எங்களுக்குக் கிடைத்த ஒரே டிஸ்டிங்ஷன்.

சரி மக்களே, செமஸ்டர் நெருங்குது. அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரைக்கும் எதைக் கட்டினாலும் கெட்டியாக் கட்டுங்க. உங்களுக்குப் பின்னாடி டி.வி.எஸ். 50-ல் யாரோ வந்துக்கிட்டிருக்காங்க!